ள் வரும் வரை

எனக்கு வயது அறுபத்து நான்கு. ஏழு பேரை வளர்த்தேன். பெற்றது ஐந்து, மற்ற இரண்டும் செத்துப்போன என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. ஏழு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவரும் கைநாட்டு இல்லை. அவர்களை வளர்த்தவளும் கைநாட்டு இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. பிள்ளைகளின் புத்தகத்தில் கற்று எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். ஆஸ்பத்திரியில் எக்சர்சைஸ் ரூம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்கிற கலாவதி என்கிற பெண், "நீங்க பட்டதை எழுதிக் குடுங்க ஆயா, பாதியில விட்டுட்டுப் போறவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்று கேட்டாள். அதற்காக எழுதுகிறேன். ஆயா என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டி. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். பொம்மிடியில் பாசஞ்சர் வண்டி ஏறிப் போகிற தூரம், அவ்வளவுதான். தப்பு அங்கே யார் மேலும் இல்லை. ஒரு வார்த்தையின் மேல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பேர் மாதம்மாள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நிலத்தை என் பேருக்கு மாற்ற ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒருத்தர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கைநாட்டுதானே? வெரலைக் குடு" என்று என் பெருவிரலைப் பிடித்து, மையில் தேய்த்து, தாளில் உருட்டினார். கடையில் கத்தரிக்காயைப் புழு இருக்கிறதா என்று உருட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன். மூன்றாவது மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் சிலேட்டைப் பிடுங்கிக்கொள்வேன். ஐந்து எழுத்தில் நாலு எழுத்து ஒரு மாதத்தில் வந்துவிட்டது. கடைசி ள் மட்டும் வரவில்லை. இடது பக்கம் சுழிக்க வேண்டும், மேலே ஏற வேண்டும், வளைந்து இறங்க வேண்டும், தலையில் புள்ளியும் வைக்க வேண்டும். "இது ள் இல்லம்மா, நத்தை" என்பாள் மகள். அந்த நத்தையை எழுத்தாக்க எனக்கு ஒரு அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வந்துவிட்டது. அதன் பிறகு இருபத்தைந்து வருஷம், ரேஷன் கார்டு, பால் சொசைட்டி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எங்கேயும் மாதம்மாள் என்று எழுதினேன். மை டப்பாவை யாராவது நகர்த்தினால் நான் பேனாவைக் கேட்பேன்.

அந்தக் கையைத்தான் உடைத்துக்கொண்டேன்.

எண்பத்தைந்தாம் வருஷம், ஆடி மாதம். பம்பு செட்டுத் தொட்டியில் துணி அலசிவிட்டு எழுந்தேன். பாசி. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு அகப்பைக் காம்பு மாதிரி வளைந்து நின்றது. என் பெரிய மகன் முருகேசன் கையைத் துண்டில் சுற்றி, சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனான். மருமகள் சரோஜா பக்கத்தில் நடந்து வந்து என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ரயிலிலும் அவள் பிடித்த பிடியை விடவில்லை. அவளுக்கும் எனக்கும் அதற்கு முன்னால் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. ஒரு கையின் மூலமாகத்தான் ஒட்டினோம்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பு இரண்டாக விட்டிருந்தது. இழுத்து வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மாவுக்கட்டு என்றால் ஈரத்துணியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு மாவைத் தடவிச் சுற்றுவது. காய்ந்ததும் கல்லாகிவிடும். ஆறு வாரம் என்றார்கள்.

இரண்டாவது வாரமே கட்டுக்குள் நோவு தொடங்கியது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் நெருப்பு. அப்புறம் எறும்பு ஊறுவது போல. அப்புறம் மரத்துப்போனது. நோவைச் சகித்துக்கொள்ளத் தெரிந்தவள் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஐந்து பிரசவத்திலும் வாய் திறக்கவில்லை என்று மருத்துவச்சியே ஊரெல்லாம் சொன்னாள். அதனால் வீட்டிலும் மூச்சு விடவில்லை.

டாக்டர் தெற்கத்திக்காரர், நல்ல பிள்ளை, என் கடைசி மகன் வயதுதான் இருக்கும். நான் போகும்போதெல்லாம் கேட்டார்.

"பாட்டி, கை வலி இருக்கா?"

"ஐயய்யோ, அதெல்லாம் இல்லீங்க."

"கொஞ்சம்கூட?"

"எங்க வம்சத்துலயே கெடையாதுங்க. நீங்க யார வேணும்னாலும் விசாரிச்சுப் பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். மூன்று முறை போனேன், மூன்று முறையும் இதே கேள்வி, இதே பதில். மூன்றாம் முறை எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கேட்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்தில் உடம்பு நொந்தால் நோவு என்போம். தலை நோவுது, கை நோவுது. வலி என்றால் அது வேறு. வாயில் நுரை தள்ளிக் கைகால் இழுத்துக்கொண்டு விழுவார்களே, அதுதான் எங்களுக்குக் கைகால் வலி. அந்த வலி ஒரு வீட்டில் இருக்கிறது என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும், அந்த வீட்டுப் பெண்ணை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். என் மாமன் மகளுக்கு அப்படி ஒரு பேச்சினாலேயே பரிசம் போட்டது நின்றுபோனது. எனக்கு வீட்டில் கட்டிக்கொடுக்காத பேத்திகள் மூன்று பேர். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு டாக்டர் "வலி இருக்கா" என்று கேட்டால் நான் வேறென்ன சொல்வேன்?

கட்டைப் பிரித்தார்கள். கை என்னுடையது போலவே இல்லை. தோல் பளபளவென்று வீங்கி, விரல்கள் விரித்தது விரித்தபடி நின்றன. மூடவில்லை. டாக்டர் படத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "எலும்பு கூடிடுச்சு. வலியும் இல்லைங்கிறீங்க. கொஞ்சம் கொஞ்சமா அசைச்சுப் பழகுங்க. இந்த வயசுக்கு இது போதும் பாட்டி" என்றார்.

போதும். இந்தச் சொல்லை அந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு நாளில் கைக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கொண்டை போட முடியாது. சொம்பைத் தூக்க முடியாது. உப்பு எடுத்தால் விரல் இடுக்கில் கொட்டிவிடும். இதெல்லாம் பெரிய துக்கமில்லை. ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று. கதவுத் தாழ்ப்பாள் என்னைப் பார்த்து ஒரு முறை சிரிக்கும், ஊதுபத்தி ஒரு முறை சிரிக்கும்.

களியைச் சோற்றுக்கையால் எடுக்க முடியவில்லை. இடது கையால் சாப்பிட மனம் வரவில்லை. சரோஜா என் முன்னால் உட்கார்ந்து, "அத்தே, உப்பு சரியா இருக்குதா பாருங்க" என்று ஒரு வாய் ஊட்டுவாள். "இல்லையே, தெரியலையே, இன்னொரு தடவ பாருங்க" என்று இன்னொரு வாய். இப்படி உப்புப் பார்த்தே என் வயிற்றை நிரப்பிவிடுவாள். ஒரு நாள்கூட ஊட்டிவிடுகிறேன் என்று அவள் சொன்னதில்லை. அதற்கு அவளை நான் மறக்க மாட்டேன்.

பேத்தி வளர்மதியின் பழைய சிலேட்டை ஒரு மத்தியானம் எடுத்தேன். பல்பத்தை விரல்களுக்கு நடுவில் சொருகினேன். விழுந்தது. எடுத்துச் சொருகினேன். விழுந்தது. பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று விரலுக்கே தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வளர்மதி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு.

"நா எழுதித் தரட்டுமா ஆயா?"

"என் பேரை நீ எழுதினா அது உன் எழுத்துடி."

அந்த வாரமே மகனிடம் சொன்னேன், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று.

"எதுக்கும்மா? எலும்பு கூடிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. நாங்க இத்தினி பேரு இருக்கறோம், நீ உக்காந்து சாப்புடு. போதும்."

"உனக்குப் போதுமா, எனக்குப் போதுமாடா?"

நானும் சரோஜாவும் போனோம். முதல் நாள் டாக்டர் லீவு. இரண்டாம் முறை டாக்டர் இருந்தார், படம் எடுக்க பிலிம் இல்லை. மூன்றாம் முறை வண்டி வழியில் நின்றுவிட்டது, நாங்கள் போய்ச் சேரும்போது சீட்டுக் கொடுக்கிற ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். திரும்பும்போது சரோஜா ஸ்டேஷனில் ஒரு வடை வாங்கிப் பிட்டு, "உப்பு பாருங்க அத்தே" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாலாம் முறை போனோம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். அஞ்செட்டிப் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம் பேசுகிறவள். என் கையைத் தொட்டுப் பார்த்தாள். நான் உதட்டைக் கடித்ததைப் பார்த்துவிட்டாள்.

"அஜ்ஜி, நோவு ஐதா?" என்றாள். பிறகு தமிழில், "நோவு இருக்குதா அஜ்ஜி?"

கன்னடத்திலும் நோவுதான் போலிருக்கிறது. மூன்று மாதமாக ஒருவரும் கேட்காததை அவள் கேட்டாள். நான் கொட்டிவிட்டேன். கட்டுப் போட்ட இரண்டாம் வாரத்திலிருந்து பட்ட எல்லாவற்றையும், நெருப்பு, எறும்பு, மரப்பு, தூக்கம் போனது எல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்த சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்கிட்டகூடச் சொல்லலியே அத்தே."

நர்ஸ் என் சீட்டைப் பார்த்தாள். "இதுல வலி இல்லைன்னு மூணு தடவ எழுதியிருக்குதே?"

"வலி இல்லைதானே. எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல."

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உள்ளே போய்ச் சொன்னாள். டாக்டர் எழுந்து வெளியே வந்தார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. என் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பாட்டி, எங்க ஊர்ல வலின்னா நோவுதான். நான் ரெண்டு விதமாவும் கேட்டிருக்கணும்."

"எங்க ஊர்ல வந்து வேலை செய்யறீங்க, எங்க பேச்ச நீங்கதான் கத்துக்கணும்" என்றேன். பிறகு, "நானும் நொந்துச்சுன்னு தானா சொல்லியிருக்கணும்" என்றேன். அது எனக்குச் சுலபமாக வரவில்லை.

அவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். மணிக்கட்டுக்குள் குகை மாதிரி ஒரு வழி இருக்கிறதாம். அதன் மேல் நாடா மாதிரி ஒரு தசைநார் கூரையாக இருக்கிறது. அந்த வழியாக ஒரு நரம்பு போய்ப் பெருவிரலுக்கும் அடுத்த விரல்களுக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. என் எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியதிலும் வீக்கத்திலும் அந்த நரம்பு நசுங்கிக் கிடக்கிறது. மடையில் கல் விழுந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாதே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். நாடாவை அறுத்துவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்கும். ஆபரேஷன் சின்னதுதான். ஆனால் மூன்று மாதம் நசுங்கிவிட்டது. உணர்ச்சி எவ்வளவு திரும்பும், கை எவ்வளவு மூடும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"திரும்பாமயும் போவலாமா?"

"போகலாம் பாட்டி."

"அறுத்துட்டு அப்புறம் பாக்கலாம்" என்றேன். முருகேசன் இதைக் கேள்விப்பட்டதும் வீட்டில் சண்டை போட்டான், பிறகு அவனே ஒரு ஆட்டை விற்றுவிட்டு வந்து மஞ்சள் பையில் என் இரண்டு சேலையை மடித்து வைத்தான். சேலை மடிக்கத் தெரியாதவன். உருட்டித்தான் வைத்திருந்தான்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் நூர்ஜான் பீ. தர்மபுரியில் வளையல் கடை வைத்திருக்கிறவருடைய மனைவி. முழங்கால் உடைந்து காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். "மாதம்மாக்கா, எனக்குக் கால் இல்ல, உனக்குக் கை இல்ல. ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு நல்ல மருமக கெடைப்பா" என்பாள். அவள் வீட்டிலிருந்து வருகிற சோற்றில் எனக்கு ஒரு பங்கு வைப்பாள். நான் கறி சாப்பிடாத கிழமைகளை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஆபரேஷன் அன்று காலையில் வார்டு நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கத்தி வைக்க எனக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வாங்கினேன். விழுந்தது. நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். விழுந்தது. நூர்ஜான் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நர்ஸ் மை டப்பாவைத் திறந்தாள்.

"அதை மூடு" என்றேன்.

"ஆயா, டாக்டர் காத்துட்டு இருக்காரு. இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான்."

"மாதம்மாக்கா" என்றாள் நூர்ஜான், மெதுவாக. "வெரல வச்சுட்டுப் போய்க் கைய வாங்கிட்டு வா."

மை நீலமாக, ஈரமாக இருந்தது. இருபத்தைந்து வருஷம் தள்ளி வைத்தது. நர்ஸ் என் இடது கையைப் பிடிக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. "அது நல்ல கை. அதுக்கு இந்தப் பழக்கம் வேணாம். கெட்டுப்போன இதையே எடுத்துக்கோ" என்று வலது கையை நீட்டினேன். அவள் பெருவிரலைப் பிடித்து, தேய்த்து, உருட்டினாள். மை பட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. அழுத்தியது தெரியவில்லை. தாளில் ரேகை விழுந்திருந்ததைப் பார்த்துத்தான் வைத்துவிட்டேன் என்று தெரிந்தது. யாருடைய விரலோ என் சார்பில் வைத்த மாதிரி இருந்தது. அழக்கூடாது என்று கூரையில் இருந்த மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினேன்.

ஆபரேஷனில் கையை மட்டும் மரக்க வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என் கை, இந்தப் பக்கம் நான். பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். வாய்க்குள் என் பேரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் எழுத்து முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. எத்தனை முறை சொன்னேனோ, முடிந்தது பாட்டி என்றார் டாக்டர்.

தையல் பிரித்த பிறகு எக்சர்சைஸ் ரூம். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். அங்கே ஒரு தொட்டியில் மெழுகை உருக்கி வைத்திருப்பார்கள். சூடு பொறுக்கிற அளவுக்குத்தான். கையை அதில் முக்கி எடுத்தால் மெழுகு உறையாக ஒட்டிக்கொள்ளும், இறுகின மூட்டெல்லாம் இளகும். அது இளகி இருக்கும்போதே கலாவதி விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவாள். மடக்கி, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். எனக்கு அந்தக் கோடுகள் புரியாது. நான் இடது கை விரலை உள்ளே விட்டு அளப்பேன். முதல் நாள் நாலு விரற்கடை.

வந்து போனதற்கு ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். எழுத முடியாதவர்களுக்கு மை டப்பா. என் பேருக்கு எதிரே வாரத்துக்கு இரண்டு நீலப் பொட்டு விழுந்தது. ஒவ்வொரு முறையும் வலது கையைத்தான் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் நாலு விரற்கடை இரண்டானது. அதோடு நின்றுவிட்டது. அடுத்த செவ்வாய், இரண்டு. வெள்ளி, இரண்டு. ஒரு நாள் மெழுகுத் தொட்டி சூடாகவில்லை, சும்மா திரும்பினோம். ஒரு நாள் கலாவதி தன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தாள். போகிற நாளில் எல்லாம் இன்றைக்கு ஒன்றரை ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போவேன், வருகிற நாளில் எல்லாம் அதே இரண்டைக் கொண்டுவருவேன். என்னோடு தொடங்கியவர்களில் ஒரு மேஸ்திரி, ஒரு டீச்சர், ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய அடி விழுந்தால் நாலு பேர் வந்து தூக்கிவிடுகிறார்கள். இது அப்படியில்லை. ஒவ்வொரு நாளும் செருப்பில் சின்னக் கல் மாதிரி. அதற்கு யாரும் துக்கம் கேட்க வர மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கலாவதி ஸ்கேலைக் கீழே வைத்தாள். "ஆயா, அஞ்சு வாரமா ஒரே மாதிரி நிக்குது. டம்ளர் பிடிக்கறீங்க, சீப்பு பிடிக்கறீங்க. இதுக்கு மேல வருமான்னு எனக்குத் தெரியல. இது போதும்னு வச்சுக்கலாமா?"

"நீ போதும்னு எழுதிக்கோ கண்ணு. நா செவ்வாக்கெழம வர்றேன்."

வண்டியில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் மற்ற விரலைத் தொடவில்லை. கம்பி சூடா குளிர்ச்சியா என்றும் தெரியவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் மெழுகு. மற்ற ஐந்து நாள்? எங்கள் வீட்டில் தினமும் சூடாக, இளக்கமாக, உள்ளங்கையில் வைத்து அமுக்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் சரோஜா ராகிக் களி கிண்டி இறக்கியதும், "நா உருட்டறேன்" என்றேன்.

"அத்தே, உங்களுக்குச் சூடு தெரியாது. வெந்து போயிடும்."

"நீ தொட்டுப் பாத்துட்டு ஆறினதும் குடு."

அவள் ஒவ்வொரு முறையும் முதலில் தன் கையில் வாங்கி, ஊதி, சூடு பார்த்துவிட்டு என் கையில் வைப்பாள். நான் தண்ணீர் தொட்டு அமுக்கி உருட்டுவேன். உருண்டை எங்கே வரும்? ஒரு பக்கம் மூக்கு, ஒரு பக்கம் வால். முருகேசன் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, களியா இல்ல எலியா?" என்றான். வளர்மதி குப்புற விழுந்து சிரித்தாள். ஆனால் எலியைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான். தினமும் எட்டு உருண்டை. வீடே என் கோணல் களியைத் தின்றது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒரு நாள் சரோஜா தன் கடைசிக் குழந்தை அழுகிறதென்று எழுந்து போனாள். நான் பொறுக்காமல் சட்டியிலிருந்து நேராக ஒரு கை அள்ளிவிட்டேன். அள்ளினதும் கத்தினேன். ஐந்து பிள்ளை பெறும்போது கத்தாதவள் கத்தினேன். சரோஜா ஓடிவந்து என் கையைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினாள். "சொன்னேனே அத்தே, சொன்னேனே" என்று அழுதாள்.

"சரோஜா, சுட்டுது" என்றேன்.

"சுடாம என்ன பண்ணும்!"

"அடி, பெருவெரல்ல சுட்டுது."

அவள் அப்படியே நின்றாள். நான் ஈரக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பெருவிரலில் ஒரு கொப்புளம் கிளம்பியது. அது ஆறும்வரை இரண்டு வாரம் வேலை நின்றது. அந்த இரண்டு வாரமும் எனக்குத் திருவிழா. தொடும்போதெல்லாம் நொந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் கொப்புளத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "பாட்டி, நோவு இருக்குதுங்களா?" எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தார்.

"வலி இருக்குதுங்க டாக்டர்" என்றேன் நான், அவர் பேச்சில். "நல்லா இருக்குதுங்க!"

கலாவதி சூட்டுக் கொப்புளத்துக்காக என்னைத் திட்டினாள். உணர்ச்சி இல்லாத கையைச் சூட்டில் வைக்கவே கூடாதாம். இதைக் கேட்பவர்கள் என்னைப் போலச் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஒரு சரோஜா இல்லாமல் செய்ய வேண்டாம். திட்டிவிட்டு ஸ்கேலை வைத்தாள். ஒன்றரை.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மை டப்பாவை நகர்த்திய கலாவதியிடம் பேனா கேட்டேன். பேனா விழவில்லை. மா எழுதினேன். த எழுதினேன். ம் எழுதினேன், மா எழுதினேன். முந்தானை நனைகிற அளவுக்கு வேர்த்தது. ள் வரவில்லை. சுழிக்கும் இடத்தில் பெருவிரல் வழுக்கிக் கோடு ஓடிவிட்டது. ரூமில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள். கலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும் ஆயா! மாதம்மான்னு தெளிவாத் தெரியுது. கூப்புடறப்ப யாரு ள் சொல்றாங்க?"

"கூப்புடறது உங்க வாய். எழுதறது என் கை" என்றேன். "மை டப்பாவக் குடு."

பாதிப் பேருக்குப் பக்கத்தில் பெருவிரலை வைத்தேன். இந்த முறை மை சில்லென்று இருந்தது. அவள் விரல் அழுத்தியதும் தெரிந்தது.

அதன்பின் இருபது முறை போனேன். இருபது முறையும் நாலு எழுத்தும் ஒரு பொட்டும். வளர்மதியின் சிலேட்டில் நத்தை நத்தையாக ஊர்ந்தது. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை சுழித்தேன், ஏறினேன், வளைந்தேன், இறங்கினேன். புள்ளி வைத்தேன். கலாவதி மை டப்பாவை மூடினாள். அந்த டக்கென்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆபரேஷன் தாளில் வைத்த ரேகைக்குப் பக்கத்திலும் எழுதித் தருகிறேன் என்று ஆஸ்பத்திரி ஆபீசில் கேட்டேன். பழைய தாளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, அது அப்படியே இருக்கட்டும். அதுவும் நான் வைத்ததுதான்.

நூர்ஜான் இப்போது கோலூன்றி நடக்கிறாள். தர்மபுரிச் சந்தைக்குப் போனால் அவள் கடையில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவேன். என் கை இன்னும் முழுதாக மூடவில்லை. அரை விரற்கடை பாக்கி இருக்கிறது. டாக்டர் இது போதும் என்றார், கலாவதியும் போதும் என்றாள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இன்று காலையிலும் எட்டு உருண்டை உருட்டினேன். ஆறு உருண்டைக்கு மூக்கு இல்லை.

வளர்மதி, இத்தோடு முடித்துவிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து இதை எனக்கு உரக்கப் படித்துக்காட்டு. தப்பு இருந்தால் நீ திருத்தாதே, இடத்தைக் காட்டு, நானே திருத்திக்கொள்கிறேன். ஓடாமல் நிதானமாகப் படி. என் பேர் வருகிற இடத்தில் மட்டும் கடைசி எழுத்தை முழுங்காமல் படி.